பதினேழாவது படம்

கக்கதாசபுர ரயில்வே கேட் மூடிவிட்டால்
என் தேர்வறையில் எதுவும் கேட்காது.
ஒலிப்பதிவு முழுக்கச் சரக்கு வண்டி,
அதற்கடியில் எங்கோ
ஒரு குழந்தையின் மூச்சு.

இன்று வந்தவள் வார்வரா எழிலரசன்.
வயது மூன்று, மாதம் எட்டு.
பெயரே வினாத்தாள்:
ரகரம் மூன்று இடத்தில், ழகரம் ஒன்று, லகரம் ஒன்று.
அம்மாவுக்கே அதில் ழ வராது.
உன் பேரென்ன என்றேன்.
"வால்வாலா."
வீட்டில் சுருக்கமாக வால் என்றார் எழிலரசன்.
யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பில் இவள் பேச்சு எவருக்கும் புரியவில்லை என்று
மழலையர் பள்ளி கொடுத்த கடிதத்தை
லரிஸா நான்காய், எட்டாய் மடித்து
விரல் நுனி அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

படங்கள்.
பந்து, சரி.
பூனை, சரி; னகரத்துக்குள் ஒரு யகரம் ஒளிந்திருந்தது.
பழம்: "பயம்."
பெரியவர்கள் சொன்னால் அது சென்னை.
இவள் சொன்னால் 'மாற்றம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு.
மதுரைக்காரி நான், எனக்கு அது இன்றும் பளம்.
என் தாளை யாரும் திருத்தவில்லை.

பதினேழாவது படம் மீன்.
"லிபா" என்றாள்.
மறுபடி காட்டினேன்.
மறுபடி "லிபா", இம்முறை கொஞ்சம் கோபமாக,
காது கேட்காதவளிடம் சொல்வதுபோல.
'சிதைவு, பொருள் விளங்கவில்லை' என்று எழுதினேன்.
பென்சில்தான்.

மூலையிலிருந்து லரிஸா
வகுப்பில் உயர்த்துவதுபோல் கையை உயர்த்தினாள்.
"அது மீன்தான். எங்க ஊர் மீன்."

ரஷ்ய மீனுக்கு முதலெழுத்து ரகரமாம்,
நாக்கு நுனி நின்று நடுங்கவேண்டிய ரகரம்.
"அஞ்சு வயசுகூட ஆகும் அது வர.
நான் ஆறு வயசுவரை லலிஸா."
அடுத்து வரும் உயிர், இகரமும் இல்லை உகரமும் இல்லை,
நம் குற்றியலுகரத்துக்குத் தூரத்துச் சொந்தம்போல் ஒன்று.
அதைப் பிள்ளை பிசகாமல் சொல்லியிருக்கிறாள்.
இ என்று கேட்டது நான்.

ஒற்றை மொழிப் பிள்ளைகளைக் கேட்டுப் போட்ட அட்டவணையை
மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன்.
பள்ளியில் ஒப்பித்தது நாக்கில் வந்தது:
ய ர ல வ ழ ள.
ழ இருக்கவேண்டிய இடத்தில் ய,
ர இருக்கவேண்டிய இடத்தில் ல.
இடையினத்தின் வீட்டுக்குள்ளேயே
அறைக்கு அறை ஓடுகிறாள்.
வாசல் தாண்டவில்லை.

"எந்த மொழியை நிறுத்தணும்?"
லரிஸா கேட்டதும்
எழிலரசன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
ஒன்று போதும் என்று யாரோ முன்பே சொல்லிவிட்டார்கள்.
எது என்பதில்தான் வீட்டில் சண்டை.
எதையும் வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன்,
சரக்கு வண்டி வந்துவிட்டது.

வார்வரா ஜன்னலுக்கு ஓடினாள்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
வண்டியோடு சேர்ந்து அதிர்ந்தாள்: ப்ர்ர்ர்ர்ர்
லரிஸா என் மணிக்கட்டை இறுக்கினாள்.
ர! வந்துவிட்டதா?

இல்லை. அது உதடு.
நாக்கு இன்னும் படுத்தே கிடக்கிறது.
கடைசிப் பெட்டி போகும்வரை
அதைச் சொல்லாமல் இருந்தேன்.
பிறகு இரண்டையும் சொன்னேன்.

தேநீருக்குப் பால் வாங்க இறங்கியபோது
எனக்கு முன்னால் அவர்கள்.
எழிலரசன் "பால்" என்கிறார்.
"ஹாலா? அரை லிட்டரா?" என்கிறார் பூத்காரர்.
தோளிலிருந்து இரு கையையும் நீட்டி
"மலக்கோ" என்கிறாள் வால்.
என்றோ ஒரு நாள் இந்த ஊரில்
பகரம் ஹகரமாகிப் போனது.
மாதம் இருமுறை வரச்சொல்லி
அப்போது யாரும் சீட்டு எழுதவில்லை.
நீல உறை குளிரக் குளிரக் கை மாறுகிறது.

மேலே வந்து பதினேழாவது கட்டத்தை அழித்தேன்.
ரப்பர் பழையது, தாள் கிழிந்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில்
நெருக்கி எழுதினேன்:
மீன்.